புது வீட்டில் பதறும் நாய்: கூண்டா, தனி அறையா, கூடவே இருப்பதா, மாத்திரையா?

வீடு மாறிய முதல் வாரம். நாய் தட்டைத் தொடுவதில்லை. ஆள் எழுந்தால் பின்னாலேயே வருகிறது, கதவைச் சாத்தினால் ஊளையிடுகிறது. யோசனை கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கூண்டு வாங்கிப் போடுங்கள் என்பார் ஒருவர். கூண்டே கூடாது, வீடு முழுக்கத் திறந்து விடுங்கள் என்பார் இன்னொருவர். கொஞ்ச நாள் கூடவே இருங்கள், கூடவே இருந்தால் செல்லம் ஏறிக் கெட்டுப்போகும், டாக்டரிடம் மாத்திரை வாங்குங்கள் என்று பட்டியல் நீளும். எதுவுமே முழுப் பொய் இல்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாய்க்குப் பலித்த வழிதான். ஆனால் ஒரு நாய் நிம்மதியாகத் தூங்கும் அதே கூண்டின் கம்பியை இன்னொரு நாய் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும்.

ஆகவே எதை வாங்குவது என்பதற்கு முன்னால், நாய் எதற்குப் பயப்படுகிறது என்று பார்த்தாக வேண்டும். அதற்கு இரண்டு செல்போனும் அரை மணி நேரமும் போதும்.

எந்தப் பயம்?

வெளித்தோற்றத்தில் எல்லாப் பதற்றமும் ஒன்றுபோலவே இருக்கும். மூச்சிரைப்பு, உதட்டை நக்குவது, தூக்கமே இல்லாதபோது கொட்டாவி, பின்னால் மடிந்த காது, கால்களுக்கு இடையே போன வால், ஓரிடத்தில் நில்லாத நடை. சிலவற்றின் பாதம் வியர்த்துத் தரையில் ஈரத் தடம் விழும். காரணம் மட்டும் நாய்க்கு நாய் வேறுபடும்.

நாய் ஒரு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிட்டு, வெளியே போய் வர ஆரம்பித்த பிறகு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். செல்போனை வாசல் கதவு தெரிகிற மாதிரி வைத்து வீடியோ கால் போட்டுவிட்டு, இன்னொரு போனில் பார்த்தபடி வெளியே நில்லுங்கள். 5 நிமிடம் போதும். பதற்றம் ஏறுகிறது என்று தெரிந்தால் முழு நேரமும் காத்திருக்காமல் உள்ளே வந்துவிடுங்கள். தனிமைக்குப் பயப்படும் நாய் பெரும்பாலும் முதல் சில நிமிடங்களிலேயே காட்டிக்கொடுத்துவிடும். வெகுநேரம் அமைதியாகப் படுத்திருந்துவிட்டுத் திடீரென்று குரைக்கும் நாய்க்குக் காரணம் பெரும்பாலும் வெளிச்சத்தம் அல்லது சலிப்பு.

இரண்டாவது சோதனையில் நீங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு நாயை மட்டும் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். வாசலில் நீங்கள் போனபோது சும்மா இருந்த நாய், அறைக் கதவு மூடியதும் பதறினால் பிரச்சினை தனிமையில் இல்லை, அடைபடுவதில் இருக்கிறது. அதற்குக் கூண்டு வாங்குவது காசைக் கொடுத்து வினையை வாங்குவதுதான். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே நாய் மூலையில் ஒடுங்கி, லிஃப்ட் சத்தத்துக்கும் மேல்மாடிக் காலடிக்கும் தூக்கிப்போட்டால், அது இடத்தின் மிரட்சியும் சத்தப் பயமும்.

கடித்துக் குதறிய இடமும் ஒரு தடயம். கதவு நிலை, கைப்பிடி, ஜன்னல் விளிம்பு ஆகியவற்றில் நகக்கீறலும் பல் தடமும் இருந்தால் நாய் வெளியேறப் பார்த்திருக்கிறது, அது பீதி. கூடத்தின் நடுவில் செருப்பும் தலையணையும் பிய்ந்து கிடந்தால் பெரும்பாலும் வேலையில்லாத வாய். இந்த இரண்டுக்கும் மருந்து வேறு.

இதோடு ஒரு கால்நடை மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. மூட்டுவலி உள்ள நாய் வழுக்கும் தரையில் நடக்கத் தயங்குவதும், சிறுநீர்த் தொற்று உள்ள நாய் வீட்டுக்குள் ஈரம் பண்ணுவதும் வீடு மாறியதன் கணக்கில் எழுதப்பட்டுவிடுகின்றன.

மாறும் நாளில்: யாரிடம் விடுவது?

மூன்று வழிகள் உண்டு: நாய்க்குப் பழக்கமான ஒருவர் வீடு, பழைய வீட்டிலேயே ஒரு மூடிய அறை, காசு கொடுத்து விடும் காப்பகம். எங்கள் வரிசையும் இதேதான். காப்பகம் மூன்றாவதாக வருவதற்கு அங்குள்ளவர்கள் சரியில்லை என்பது காரணமல்ல. ஏற்கெனவே தங்கிப் பழகாத நாய்க்கு அது ஒரே வாரத்தில் இரண்டாவது இடமாற்றம். பழகிய காப்பகம் என்றால் அந்தக் குறை கிடையாது.

மூடிய அறைதான் என்றால் அதைக் கடைசியாகக் காலி செய்யுங்கள். கதவில் ‘நாய் உள்ளே இருக்கிறது, திறக்காதீர்கள்’ என்று எழுதி ஒட்டுங்கள். நாள் முழுக்க வாசல் திறந்தே கிடக்கும், ஆட்கள் வந்துபோவார்கள். நாய் தொலைவதற்கு இதைவிடத் தோதான நாள் இல்லை. கழுத்துப்பட்டையில் போன் எண் பொறித்த தகடும், தோலுக்கடியில் போடும் மைக்ரோசிப் இருந்தால் அதன் பதிவில் புது முகவரியும் வண்டி கிளம்புவதற்கு முன்பே மாறியிருக்க வேண்டும். சிப் நாயின் இருப்பிடத்தைக் காட்டாது. கண்டெடுத்தவர் கருவியால் படித்தால் ஓர் எண் வரும், அவ்வளவுதான். அந்த எண்ணுக்குப் பின்னால் பழைய முகவரி இருந்தால் சிப் போட்டும் பயனில்லை. இரண்டு வீடும் அருகருகே என்றால் பழைய வீட்டுக்குக் குடிவருபவரிடமும் அக்கம்பக்கத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஓடும் நாய் அங்கேதான் போய் நிற்கக்கூடும்.

புது வீட்டில் நாயின் இடத்தை முதலில் தயார் செய்துவிட்டு அப்புறம் நாயைக் கூட்டிவர வேண்டும். அதன் பழைய படுக்கை, பழைய தண்ணீர்க் கிண்ணம், நீங்கள் இரண்டு மூன்று நாள் உடுத்தித் துவைக்காத ஒரு துணி. படுக்கை உறையை இரண்டு மூன்று வாரத்துக்குத் துவைக்காதீர்கள். வீடு மாறுகிற உற்சாகத்தில் எல்லாவற்றையும் புதிதாக வாங்குவது மனிதருக்குச் சந்தோஷம். நாய்க்கோ தனக்குத் தெரிந்த கடைசி வாசனையும் போய்விடுகிறது.

முழு வீடா, ஓர் அறையா?

தைரியமான நாய்க்கு இது ஒரு கேள்வியே இல்லை. கதவைத் திறந்துவிட்டால் பத்து நிமிடத்தில் மோந்து முடித்துவிட்டுப் படுத்துவிடும். பயந்த நாய்க்கு முழு வீட்டைத் திறந்துவிடுவது தாராள மனசாகத் தோன்றும், ஆனால் ஒவ்வொரு அறையும் அதற்குக் காவல் காக்க வேண்டிய இன்னோர் இடம். அது படுக்காது, நடந்துகொண்டே இருக்கும். அதற்கு முதல் இரண்டு மூன்று நாள் ஓர் அறை, பிறகு நாளுக்கு ஓர் அறை என்ற கணக்கு சரிப்படும். திறக்கும்போது நீங்கள் முன்னால் போய்ச் சும்மா உட்காருங்கள். நாயைக் கயிற்றில் இழுத்து உள்ளே கொண்டுபோகாதீர்கள். வாசற்படியில் நின்று கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அன்றைக்கு அவ்வளவே போதும்.

எந்த அறை என்பதிலும் தவறு நடக்கிறது. யாருக்கும் வேண்டாத சின்ன அறையை நாய்க்கு ஒதுக்குவார்கள். அது பெரும்பாலும் எதிரொலிக்கும், லிஃப்டையோ படிக்கட்டையோ ஒட்டியிருக்கும். வீட்டார் உட்காரும் அறையே நல்லது. தெருவைப் பார்த்த ஜன்னல் இருந்தால் கீழ்ப்பாதி ஒரு மீட்டருக்கு மங்கலான பிலிம் ஒட்டுங்கள். தரை வழுக்கினால் அடியில் ரப்பர் பிடிப்புள்ள விரிப்பைப் படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரையிலும், கதவு வரையிலும் தொடர்ச்சியாகப் போடுங்கள். இடையில் ஒரு மீட்டர் வெறும் தரை இருந்தால்கூட அந்த இடத்திலேயே நின்றுவிடும் நாய்கள் உண்டு. பார்ப்பவர்கள் அதைப் பிடிவாதம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கூண்டு, தடுப்புக் கதவு, மடக்கு வேலி

கூண்டைப் பற்றிய சண்டை ஓயாதது. எங்கள் நிலைப்பாடு இதுதான்: பழைய வீட்டிலேயே கூண்டுக்குள் தானாகப் போய்ப் படுத்த நாய்க்குப் புது வீட்டில் அதைவிட நல்ல பொருள் இல்லை. இதுவரை கூண்டையே பார்க்காத நாய்க்கு வீடு மாறிய வாரத்தில் அதை அறிமுகப்படுத்துவது மிக மோசமான நேரம். பழகிய நாய்க்கு அது கூடவே வந்த வீட்டின் ஒரு துண்டு. பழகாத நாய்க்குப் பயம் உச்சத்தில் இருக்கும்போது தப்பும் வழியையும் அடைத்ததாகிறது.

அளவு சரியாக இருக்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து 10 செ.மீ. கூட்டினால் நீளம். நிற்கும்போது தலையுச்சி வரை அளந்து 10 செ.மீ. கூட்டினால் உயரம். கதவு மூடும்போதெல்லாம் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். கம்பியில் மாட்டிக் கழுத்து இறுகும் ஆபத்து உண்டு. வளர்ந்த நாயைப் பகலில் தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் அடைக்காதீர்கள்.

கூண்டு ஒத்துவரவில்லை என்பதற்கான அடையாளம் எப்போதும் சத்தமாக இருக்காது. வெளியே வரும் நாயின் நெஞ்சு மயிரும் முன்னங்காலும் எச்சிலில் நனைந்திருக்கிறதா, விரிப்பு ஒரு பக்கம் சுருட்டித் தள்ளப்பட்டிருக்கிறதா, மூக்கின் மேல்தோல் உரிந்திருக்கிறதா, கம்பி லேசாக வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். இதில் எதைப் பார்த்தாலும் அன்றோடு கூண்டுக் கதவை மூடுவதை நிறுத்திவிட வேண்டும். கனமான, உடைக்க முடியாத கூண்டாக மாற்றுவது தீர்வல்ல. நாயின் பீதி அப்படியே இருக்கும். முன்பு கம்பி வளைந்தது, இப்போது பல் உடையும்.

இரண்டாவது வழி, அறை வாசலில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு. பெரும்பாலான நாய்களுக்கு எங்கள் முதல் தேர்வு இதுவே. ஆள் கண்ணுக்குத் தெரிகிறார், வாசனையும் வருகிறது, ஆனால் ஒட்டிக்கொண்டே இருக்க முடியாது. வழக்கமாக இதன் உயரம் 75 செ.மீ. அளவில் இருக்கும். நடுத்தர அளவு நாயே முனைந்தால் தாண்டிவிடும்; பெரிய நாய்க்கு உயரமான மாதிரி வேண்டும், அல்லது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. அழுத்தத்தில் மட்டும் நிற்கும் வகையைப் பெரிய நாய் நெஞ்சால் தள்ளிச் சாய்த்துவிடும், அந்தச் சத்தமே அதற்கு இன்னொரு பயமாகிவிடும். சுவரில் திருகாணியால் பொருத்துங்கள். குட்டி என்றால் கம்பி இடைவெளியில் தலை நுழையக் கூடாது.

மூன்றாவது, மடக்கு வேலி. 60 செ.மீ. அகலமுள்ள எட்டுச் சட்டங்களைச் சதுரமாக நிறுத்தினால் 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர் இடம் கிடைக்கும். சின்ன நாய்க்கும் குட்டிக்கும் நல்லது. தள்ளும் நாய், தாண்டும் நாய், பதறும் நாய் எதற்கும் ஆகாது; மொத்த வேலியையும் இழுத்துக்கொண்டு கூடம் முழுக்கச் சுற்றும்.

அடைபடுவதற்கே பயப்படும் நாய்க்கு இந்த மூன்றும் வேண்டாம். ஜன்னல்களைப் பத்திரப்படுத்தி, மின்கம்பி, மருந்து, குப்பைக்கூடை எல்லாவற்றையும் எட்டாத இடத்தில் வைத்து, வீட்டுக்குள் சுதந்திரமாக விடுவதே அதற்குச் சரி.

இரவு

படுக்கையறையில் சேர்ப்பதா, வெளியே விடுவதா? முதல் சில இரவுகள் பக்கத்தில் படுக்கட்டும். கட்டிலுக்கு அருகே அதன் படுக்கையைப் போடுங்கள். நிரந்தரமாகக் கூடத்தில் படுக்க வேண்டும் என்பது உங்கள் திட்டமானால், நாய் நன்றாகத் தூங்க ஆரம்பித்த பிறகு இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை படுக்கையை அரை மீட்டர் வாசல் பக்கம் நகர்த்துங்கள். இடையில் எழுந்து வந்தால் ஓர் அடி பின்வாங்குங்கள். முதல் இரவே வெளியில் விட்டு அழவிடுவதால் மிச்சமாவது எதுவும் இல்லை; இரண்டு பேருக்கும் தூக்கம் போவதோடு, ராத்திரி என்றாலே நாய்க்குப் பயம் வந்துவிடும்.

பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்று சொல்வதை நம்பாதீர்கள். உட்காரச் சொன்னால் உட்காருவதைப் போல நாய் வேண்டுமென்று செய்யும் காரியம் இல்லை பயம். ஆறுதல் தேடி வந்தால் கொடுங்கள். வராத நாயைத் துரத்திப் பிடித்துக் கொஞ்சாதீர்கள்.

தனியே விடுவது

இங்கேதான் வழிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன, செலவும் கூடுகிறது.

முதல் வழி, விட்டுவிட்டுப் போவது. அழுது அழுது தானே அடங்கும் என்பது. லேசாக முனகிவிட்டு ஐந்து நிமிடத்தில் படுத்துவிடும் நாய்க்கு இது பலிக்கும், காரணம் அதற்குப் பெரிய பிரச்சினையே இல்லை. பீதி உள்ள நாய்க்கு நடப்பது நேர்மாறு. ஒவ்வொரு முறையும் பயத்தின் உச்சத்துக்குப் போய்வருவதால், மறுமுறை சாவிச் சத்தம் கேட்டதுமே அந்த உச்சத்திலிருந்து தொடங்குகிறது. கடைசியில் அமைதியானாலும் அது பழகியதால்தானா, களைத்துப்போனதாலா என்று கேமரா இல்லாமல் சொல்ல முடியாது. திரும்பி வந்ததும் குழைந்து ஒடுங்கும் நாய் குற்ற உணர்ச்சியைக் காட்டவில்லை. உங்கள் முகத்தையும் குரலையும் பார்த்துச் சமாதானம் கேட்கிறது. அடித்தாலும் அதட்டினாலும், ஆள் போவதோடு ஆள் திரும்பி வருவதும் பயமாகிவிடும். குரைத்தால் அதிர்ச்சி கொடுக்கும் பட்டைகளுக்கும் இதே கதிதான்.

இரண்டாவது வழி, படிப்படியாகப் பழக்குவது. மெதுவானது, சலிப்பூட்டுவது, பீதி உள்ள நாய்க்கு வேர் வரை போகும் பயிற்சி இது ஒன்றுதான். நாய் பதறுவதற்கு முன்பே நீங்கள் திரும்பிவிட வேண்டும் என்பதே இதன் ஒரே விதி. வாசல் வரை போய்த் திரும்புங்கள். கைப்பிடியைத் தொட்டுத் திரும்புங்கள். கதவைத் திறந்து மூடுங்கள். பிறகு வெளியே போய் ஒரு வினாடி. நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுக்கிறது என்றால் அடுத்த படி. எழுந்து வாசலுக்கு ஓடி வருகிறது என்றால் முந்தைய படி.

வினாடிகளுக்கு வந்த பிறகு ஒரு நாள் பயிற்சி ஏறக்குறைய இப்படி இருக்கும்: 10 வினாடி, 25, 5, 40, 15, 60. ஏறிக்கொண்டே போகக் கூடாது. ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட நீளம் என்று நாய் கண்டுபிடித்துவிட்டால் ஐந்தாவது முறை கதவைத் தொடும்போதே பதறும். இடையில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் இடைவெளி, நாய் மறுபடி தளர்வது வரை. மொத்தம் 15, 20 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். சாவி எடுப்பது, செருப்பு மாட்டுவது போன்றவற்றை முதலில் சேர்க்காதீர்கள். கதவு பழகிய பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, அப்போது நேரத்தை மறுபடி சில வினாடிக்குக் குறையுங்கள். ஒரு நேரத்தில் மூன்று நாள் நிம்மதியாக இருந்தால் பத்தில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ கூட்டலாம். பொதுவாக முதல் 30, 40 நிமிடத்தை எட்டுவதுதான் கஷ்டம், அதன் பிறகு பெரிய தாவல்கள் வைக்க முடியும்.

இது தோற்பதற்கு வழக்கமான காரணம் பயிற்சி நடக்காத மற்ற நேரம். காலையில் 40 வினாடி பழக்கிவிட்டு மதியம் மூன்று மணி நேரம் தனியே விட்டால், காலையில் சேர்த்தது மதியம் கரைந்துவிடும். பயிற்சி ஓடும் வாரங்களில் நாய் தாங்கும் நேரத்துக்கு மேல் தனியே இருக்கவே கூடாது. அதனால்தான் மூன்றாவது வழி, அதாவது ஆள் ஏற்பாடு, பயிற்சிக்குப் போட்டி இல்லை, அதன் மறுபாதி.

ஆள் ஏற்பாட்டில் வீட்டுக்கு வந்து உடனிருப்பவர் முதலிடம். நீங்கள் இருக்கும்போதே இரண்டு முறையாவது அவர் வந்துபோகட்டும். பகல் காப்பகம் மற்ற நாய்களோடு விளையாடப் பிடிக்கும் நாய்க்கு மட்டும். ஏற்கெனவே மிரண்ட நாயை இருபது நாய்க் கூட்டத்தில் விட்டால் மாலையில் களைத்துத் தூங்கும், உண்மைதான். அந்தத் தூக்கத்தை அமைதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓய்வு நேரத்தில் அங்கே நாயைத் தனிக் கூண்டில் அடைப்பார்களா என்று கேளுங்கள். அடைப்பார்கள் என்றால் நீங்கள் தவிர்க்க நினைத்ததுதான் அங்கேயும் நடக்கும்.

நான்காவதாக ஒருவர் கட்டாயம் சொல்வார்: துணைக்கு இன்னொரு நாய் வாங்குங்கள். பெரும்பாலும் பயன்படாது. அந்த நாய் ஏங்குவது மனிதருக்காக. நண்பரின் நாயைச் சில மணி நேரம் உடன்விட்டு, நீங்கள் வெளியே போய்க் கேமராவில் பார்த்தால் வாங்குவதற்கு முன்பே விடை தெரிந்துவிடும்.

உள்ளே உணவு அடைத்த ரப்பர் பொம்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சலித்துப்போன நாய்க்கு அருமையானது. பீதி உள்ள நாய் அதைத் தொடாது, அல்லது நீங்கள் இருக்கும்வரை அவசரமாக நக்கிவிட்டு முடிந்ததும் பதறும். நாளடைவில் பொம்மையைக் கண்டாலே ஆள் போகப்போகிறார் என்று தெரிந்துகொள்ளும். அதில் வேர்க்கடலை வெண்ணெய் தடவுபவர்கள் டப்பாவின் பட்டியலில் சைலிட்டால் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்; அந்த இனிப்பு நாய்க்கு நஞ்சு.

கடையில் கிடைப்பவை

தாய்நாய் சுரக்கும் வாசனைப் பொருளைப் போலச் செய்த பெரமோன் கருவி பிளக்கில் மாட்டுவது. நாய் அதிக நேரம் இருக்கும் அறையில், சோபாவுக்கோ திரைக்கோ பின்னால் மறையாமல், 24 மணி நேரமும் ஓட வேண்டும்; ஒரு குப்பி ஏறக்குறைய 30 நாள் வரும். ஆய்வு முடிவுகள் ஒருமித்து இல்லை. கெடுதல் செய்யாது, லேசான பதற்றத்துக்குக் கொஞ்சம் உதவலாம், பீதியை நிறுத்தாது. உடம்பை இறுக்கிப் பிடிக்கும் சட்டையும் அதே ரகம்தான். அதைப் போட்டதும் நாய் அசையாமல் நின்றால் உடனே சந்தோஷப்படாதீர்கள். தளர்ந்து படுக்கிறதா, உறைந்து நிற்கிறதா என்று பாருங்கள்.

இசை விஷயத்தில், 2017-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் ஸ்காட்லாந்து எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பும் சேர்ந்து காப்பக நாய்களிடம் ஆய்வு செய்தன. ரெகே, சாஃப்ட் ராக் ஆகியவற்றின்போது மன அழுத்தக் குறிகள் குறைந்தன. ஒரே இசைக்கு நாய்கள் பழகிவிடுவதால் மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்பது கவனிக்க வேண்டியது. எங்களைக் கேட்டால், புது வீட்டின் படிக்கட்டுச் சத்தத்தை மறைக்க ஒரு மின்விசிறியின் சீரான இரைச்சலும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும், செலவில்லாமல். வாசனை எண்ணெய்களைத் தவிருங்கள். டீ ட்ரீ எண்ணெய் போன்றவை நாய்க்கு விஷமாகும்.

மாத்திரை

எல்லாம் செய்து பார்த்துத் தோற்ற பிறகு கடைசியாக மாத்திரை என்ற எண்ணத்தால் பல நாய்கள் தேவையில்லாமல் மாதக்கணக்கில் அவதிப்படுகின்றன. பீதியில் இருக்கும் மூளை எதையும் கற்காது. பயிற்சியை உள்ளே இறங்கவிடுவதுதான் மருந்தின் வேலை. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நாய், தனியே ஒரு வினாடிகூடத் தாங்காத நாய், ஒரு நாளுக்கு மேல் உணவைத் தொடாத நாய் ஆகியவற்றுக்கு முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் பேசுங்கள்.

இரண்டு வகை உண்டு. டிராசடோன், கபாபென்டின் போன்றவை அந்தந்த நேரத்துக்கு. நிகழ்வுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் கொடுப்பது. வீடு மாறும் நாளுக்கும் முதல் சில நாட்களுக்கும் இவை பொருந்தும். முதல் முறையை முக்கியமான நாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சாதாரண நாளில், நீங்கள் வீட்டில் இருக்கும்போது கொடுத்துப் பாருங்கள். சில நாய்கள் தள்ளாடும், சில நேர்மாறாகத் துறுதுறுக்கும். மனிதருக்கான கபாபென்டின் திரவத்தில் சைலிட்டால் இருக்கக்கூடும் என்பதால் வீட்டில் இருப்பதை ஊற்றிக் கொடுக்க வேண்டாம்.

மற்றது தினசரி மருந்து. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென்றே, அதாவது தனிமைப் பயத்துக்கென்றே, 1998-ல் குளோமிப்ரமினையும் 2007-ல் ஃபுளுவாக்ஸெட்டினையும் அனுமதித்தது. இரண்டுமே பயிற்சியோடு சேர்த்துத் தருவதற்கு. முழுப் பலன் தெரிய 4 முதல் 8 வாரம் ஆகும். முதல் வாரங்களில் பசி குறையலாம், மந்தமாகலாம். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று தாங்களாகவே நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. நிறுத்துவதையும் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் செய்ய வேண்டும். உண்ணிக்காக அமிட்ராஸ் என்ற மருந்துள்ள கழுத்துப்பட்டை போட்டிருந்தால் இவற்றைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், இரண்டும் சேரக் கூடாது.

அசிப்ரோமசின் என்ற மயக்க மருந்தை மட்டும் தனியாக எழுதித் தந்தால், வேறு மருந்து இல்லையா என்று கேளுங்கள். அது உடம்பை அடக்கும், பயத்தை அடக்காது. பார்ப்பவர்களுக்கு நாய் அமைதியாகிவிட்டது போலத் தெரியும். உள்ளே பயம் அப்படியே இருக்கும், சத்தம் இன்னும் கூசலாம்.

வெளியே கூட்டிப்போவது

நாளுக்கொரு புதுப் பாதையா, ஒரே பாதையா? முதல் வாரம் ஒரே சின்னச் சுற்று, ஒரே நேரங்களில். மோந்து பார்க்க விடுங்கள். கிலோமீட்டர் கணக்கு இப்போது முக்கியமில்லை. வீட்டில் வேலியே இருந்தாலும் முதல் இரண்டு வாரம் கயிறு கையில் இருக்கட்டும். கழுத்துப்பட்டையிலும், மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸிலும் ஒவ்வொரு கயிறு மாட்டுவது பத்திரம். மிரண்ட நாய் பின்னால் நகர்ந்து தலையை உருவிக்கொள்ளும்போது ஒன்றாவது நிற்கும். இழுக்க இழுக்க நீளும் கயிறு வேண்டாம். கையிலிருந்து நழுவினால் அதன் பிளாஸ்டிக் கைப்பிடி தரையில் தடதடத்து நாயைத் துரத்தும்.

வீட்டுக்குள் ஈரம் பண்ணினால், வயது எதுவானாலும் இரண்டு வாரம் குட்டியாகவே நினைத்து நடத்துங்கள்: எழுந்ததும், சாப்பிட்டு 15 முதல் 30 நிமிடத்துக்குள், விளையாடியதும், ஒரே இடத்துக்குக் கூட்டிப்போவது. முன்பு குடியிருந்தவரின் செல்லப்பிராணி ஈரம் பண்ணிய இடம் இருந்தால் என்சைம் கலந்த துப்புரவுத் திரவம் வேண்டும். அமோனியா கலந்தது சிறுநீர் வாசனையையே நினைவூட்டும். உணவின் பிராண்டை மாற்றும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுங்கள், மாற்றும்போது 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக.

எந்த வீட்டுக்கு எது

வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்கும் குடும்பம், இடத்துக்கு மட்டும் மிரளும் நாய் என்றால் ஓர் அறை, தடுப்புக் கதவு, பழைய வாசனை, ஒரே நேர ஒழுங்கு ஆகியவை போதும். பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடும். வேறெதுவும் வாங்க வேண்டாம். ஆனால் ஒருவர் எப்போதும் இருப்பதாலேயே தனிமைப் பயம் மாதக்கணக்கில் தெரியாமல் போகலாம். அதனால் கேமராச் சோதனையை அவர்களும் செய்ய வேண்டும்.

எல்லோரும் வேலைக்குப் போகும் வீடு, தனிமைப் பயம் என்றால் பணத்தை ஆள் ஏற்பாட்டில் போடுங்கள், கூண்டிலோ கருவியிலோ வேண்டாம். ஒரு மாதம் முழுக்க ஆள் வைக்க முடியாது என்றால் தினசரி மருந்தை முன்கூட்டியே தொடங்குவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மாறும் தேதி தெரிந்தவுடன் தொடங்கினால் வண்டி வரும் நாளில் மருந்து வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் குரைப்புப் புகார் வரும் முன் அக்கம்பக்கத்தாரிடம் நீங்களே போய்ச் சொல்லி, எந்த நேரத்தில் சத்தம் கேட்டது என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். கேமரா காட்டாத நேரக் கணக்கு அதிலிருந்து கிடைக்கும்.

எட்டு ஒன்பது வயதைத் தாண்டிய நாய் வேறு கணக்கு. பார்வையோ காதோ மங்கியிருந்தால், நினைவு தடுமாற ஆரம்பித்திருந்தால், பழைய வீட்டில் பழக்கத்தாலேயே சமாளித்துக்கொண்டிருந்த குறையெல்லாம் இங்கே வெளியே வரும். ராத்திரியில் எழுந்து சுவரைப் பார்த்து நிற்பது, மூலையில் மாட்டிக்கொண்டு திரும்பத் தெரியாமல் இருப்பது போன்றவை வெறும் பதற்றம் இல்லை. மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. அதற்கு மரச்சாமான்களைப் பழைய வீட்டில் இருந்த அதே வரிசையில் போடுங்கள், படுக்கைக்கும் தண்ணீருக்கும் இடையே ஓர் இரவு விளக்கு எரியட்டும். படிக்கட்டு இருந்தால் மேலும் கீழும் தடுப்புப் போடுங்கள். சாமான்களைப் பிடித்த மாதிரி மாற்றி அடுக்குவதை மூன்று மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.